தேய்ந்த வெள்ளிக்காசு: ஆர்க்காட்டு ரூபாயை அறிதலும் மதித்தலும்

நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழ் வழக்கில் இரு பொருள் உண்டு. கைமாறும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். காசின் மதிப்பு அதனை வெளியிட்டவரின் வாக்கைச் சார்ந்தே நிற்பதால், இரு பொருளும் ஒரே சொல்லில் அமைந்தது மிகவும் பொருத்தமாகும். இந்தப் பொருத்தத்தைச் சோதித்துப் பார்க்கத் தக்க ஒரு காசு தமிழ்நாட்டு வரலாற்றில் உண்டு. அதுவே ஆர்க்காட்டு ரூபாய். அக்காசில் எழுதப்பட்ட அரசர் பெயரும், அச்சிட்ட ஊரும், அச்சிட்ட ஆண்டும் பெரும்பாலும் உண்மைக்கு மாறானவை. ஆயினும் அதிலிருந்த வெள்ளி உண்மையானது. அந்த வெள்ளியை நம்பியே மக்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் அதனைக் கைமாற்றி வந்தனர்.

வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் என்று தமிழ்ச் சமணர் தொன்றுதொட்டு வாழும் ஊர்கள் பலவும் முன்னாளில் வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களைச் சேர்ந்தவை. அம்மாவட்டங்களுக்குப் பெயர் தந்த நகரின் பெயரையே இக்காசும் தாங்கியது. இப்பகுதியின் நிலவரியும் நெல் விலையும் நெசவாளர் கூலியும் ஒரு காலத்தில் இக்காசில் எண்ணப்பட்டன. பழைய குடும்பங்களின் பேழைகளில், எழுத்து மங்கி விளிம்பு தேய்ந்த வெள்ளி வில்லையாக இது இன்றும் கிடைப்பதுண்டு. அதனை இன்னதென்று அறியாமல் எடைக்கு விற்று உருக்கிவிடுவோர் உளர். பளபளப்பாக்க எண்ணித் தேய்த்து எஞ்சிய எழுத்தையும் அழிப்போர் உளர். இரண்டாலும் இழப்பு ஒன்றே. ஆகவே இக்காசின் வரலாற்றையும், தேய்ந்த நிலையிலும் அதனை இனங்காணும் வழியையும், அதன் மதிப்பை அளக்கும் முறையையும் அறிந்துகொள்வது பயனுடையது.

வண்ணக்கரும் நோட்டக்காரரும்

காசைச் சோதித்து மதிப்பிடுவது தமிழகத்தில் மிகப் பழைய தொழில். சங்கப் புலவர் பெயர்களில் வடமவண்ணக்கன் பெருஞ்சாத்தனார், புதுக்கயத்து வண்ணக்கன் கம்பூர் கிழான் போன்றவை காணப்படுகின்றன. வண்ணக்கன் என்பவன் பொன்னையும் காசையும் நோட்டம் பார்ப்பவன். பாட்டியற்றும் புலமையும் காசு நோக்கும் தொழிலும் ஒருவரிடமே இணைந்திருந்தன என்பதற்கு இப்பெயர்களே சான்று. பிற்காலத்தில் இத்தொழிலைச் செய்தவர் நோட்டக்காரர் எனவும் சராப்பு எனவும் அழைக்கப்பட்டனர்.

சராப்பின் கருவிகள் எளியவை: சிறு தராசு, உரைகல், பயின்ற கண், காசைச் சுண்டி ஒலி கேட்கும் காது. ஐயம் எழுந்தால் காசின் மேல் சிறு உளியால் ஒரு குறி இட்டு உள்ளே செம்போ ஈயமோ உண்டா எனப் பார்ப்பார். சோதித்துத் தேர்ந்த காசில் தம் அடையாளக் குறியைப் பதிப்பதும் உண்டு. பழைய ரூபாய்களில் காணப்படும் சிறு வட்டம், பிறை, பூ, கீறல் ஆகியவற்றில் பல இத்தகைய குறிகளே. இவற்றைக் காசின் குறை என்று சேகரிப்போர் சிலர் கருதினாலும், அக்காசு உண்மையாகவே சந்தையில் புழங்கியது என்பதற்கு இவையே சான்றாக நிற்கின்றன.

மூவர் அச்சிட்ட ஒரே காசு

18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கருநாடக நவாபுகளின் தலைநகராக ஆர்க்காடு விளங்கியது. முகலாயப் பேரரசர் பெயரில் அங்கு வெள்ளி ரூபாய் அச்சிடப்பட்டது. தென்னாட்டுச் சந்தையில் அதுவரை வராகன், பணம், காசு என்னும் முறையே ஓங்கியிருந்தது. வராகனும் பணமும் பொன்னாலானவை, காசு செம்பாலானது. ஆர்க்காட்டு நவாபின் ஆட்சி வேரூன்றியபோது வெள்ளி ரூபாயும் உடன் பரவியது.

கடற்கரையில் வாணிகம் செய்த ஐரோப்பியக் கம்பெனிகள் துணி வாங்குவதற்குக் கப்பல் கப்பலாக வெள்ளிக் கட்டிகளையும் ஸ்பானிய வெள்ளிக்காசுகளையும் கொண்டுவந்தன. அவ்வெள்ளியை உள்நாட்டில் செலவிட வேண்டுமாயின், மக்கள் அறிந்து நம்பும் காசாக மாற்றியாக வேண்டும். பிறரிடம் கொடுத்து அச்சிட்டால் கூலி போகும். தாமே அச்சிட்டால் ஆதாயம் மிஞ்சும். புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்மா, நவாப் தோஸ்த் அலி கானிடமிருந்து 1736இல் ரூபாய் அச்சிடும் உரிமையைப் பெற்றார். புகழ்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். ஆங்கிலேயக் கம்பெனி 1742இல் சென்னையில் அச்சிடும் உரிமையைப் பெற்றது.

இவ்வாறு நவாபின் அக்கசாலை, பிரெஞ்சு அக்கசாலை, ஆங்கிலேய அக்கசாலை ஆகிய மூன்றிலும் ஒரே தோற்றமுடைய காசு வெளிவந்தது. எங்கு அச்சிட்டாலும் அதில் எழுதிய ஊர்ப்பெயர் ஆர்க்காடு என்பதே. மக்கள் நம்பிய பெயர் அதுவாதலால் அதனை மாற்ற எவரும் துணியவில்லை. பின்னாளில் வங்காளத்தின் கிழக்குப் பகுதித் துணிச் சந்தைகளிலும் ஆர்க்காட்டு ரூபாய் விரும்பி வாங்கப்பட்டதால், கல்கத்தா அக்கசாலையும் இதே பெயரில் ரூபாய் அச்சிட்டது.

சென்னையில் இன்றும் தங்கசாலைத் தெரு என்னும் பெயர் வழங்குகிறது. அப்பெயரின் முதற்பகுதி பொன்னைக் குறிப்பதாகப் பலர் கருதுவர். டங்கம் என்னும் வடசொல் முத்திரையிட்ட காசைக் குறிக்கும். டங்கசாலை என்பதே தங்கசாலை எனத் திரிந்தது.

காசில் எழுதியதும் நடந்ததும்

சென்னையில் கம்பெனி அச்சிட்ட ஆர்க்காட்டு ரூபாய்களின் எழுத்து பாரசீகம். ஒரு பக்கத்தில் பேரரசர் இரண்டாம் ஆலம்கீரின் பெயரும் பட்டங்களும் ஹிஜ்ரி 1172 என்னும் ஆண்டும் இருக்கும். மறுபக்கத்தில் அவரது 6ஆம் ஆட்சியாண்டும், ஆர்க்காட்டில் அச்சிடப்பட்டது என்னும் தொடரும் இருக்கும்.

இரண்டாம் ஆலம்கீர் 1754 முதல் 1759 வரை ஆண்டு கொலையுண்டவர். ஹிஜ்ரி 1172 என்பது 1759ஆம் ஆண்டின் நடுப்பகுதியோடு முடிந்துவிட்டது. ஆயினும் அதே பெயரும் அதே ஆண்டும் தாங்கிய காசு 1830கள் வரை அச்சேறியது. அரசர் இறந்து எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் காசில் அவர் 6ஆம் ஆண்டிலேயே ஆண்டுகொண்டிருந்தார். 1801இல் கருநாடகத்தின் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்கு வந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் காசின் ஆண்டு பழையதாக ஆக, அது தேய்ந்திருக்கும் என்று கருதிச் சராப்புகள் மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்தனர். இக்கழிவைத் தமிழர் வட்டம் என்றனர். வங்காளத்தில் புதுக்காசுக்கு முழு மதிப்பும், ஆண்டு கடந்த காசுக்கு வட்டமும் என்னும் வழக்கம் குடியானவரைப் பெரிதும் வருத்தியது. வரி செலுத்த வந்தவன் கையிலிருந்த ரூபாயை எண்ணி வைத்தபின்னும், வட்டத்துக்காக மேலும் சில காசு தேட வேண்டியிருந்தது. அங்கே கம்பெனி ஷா ஆலமின் 19ஆம் ஆட்சியாண்டையே மாறாத ஆண்டாக நிறுத்தியது. ஆண்டு மாறாத காசில் பழையது, புதியது என்று பிரித்து வட்டம் கேட்க வழியில்லை. ஆர்க்காட்டு ரூபாயின் மாறாத ஆண்டும் புழக்கத்தில் இதே பயனைத் தந்தது. பொய்யான ஆண்டு ஒன்று எளியவனுக்குக் காப்பாக அமைந்தது வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று.

இனங்காணும் முறை

காசின் எழுத்தை நம்பி அதன் ஊரையும் காலத்தையும் அறிய இயலாதாகையால், வேறு அடையாளங்களை நாட வேண்டும். அவற்றுள் முதன்மையானது அக்கசாலைக் குறி. எழுத்துகளின் இடையே சிறு தாமரை இருப்பின் அது சென்னையில் அச்சிட்ட கம்பெனி ரூபாய். பிறை இருப்பின் அது புதுச்சேரியின் பிரெஞ்சு ரூபாய். ரோசாப்பூப் போன்ற குறியும் விளிம்பில் நேர்வரிகளும் இருப்பின் அது கல்கத்தாவில் அச்சிட்டது. பிரெஞ்சு ரூபாய்களில் ஷா ஆலமின் பெயரும் மாறிவரும் ஆட்சியாண்டும் காணப்படுவது மற்றொரு வேறுபாடு. சராப்பு பின்னர் இட்ட குறியோடு அக்கசாலைக் குறியை மயங்கக் கூடாது. அக்கசாலைக் குறி எழுத்தைப் போலவே மேலெழுந்து நிற்கும். சராப்பின் குறி காசின் உடலில் குழிந்து காணப்படும்.

இரண்டாவது அடையாளம் அச்சிட்ட முறை. பழைய காசுகள் கையால் அடிக்கப்பட்டவை. வெள்ளி வில்லையை விட அச்சு பெரிதாகையால் வாசகத்தின் ஒரு பகுதி மட்டுமே காசில் விழும். எனவே கைக்காசில் பாதி எழுத்து இல்லாதது தேய்மானத்தால் மட்டும் நேர்ந்ததன்று; அது பிறந்தபோதே அப்படித்தான் பிறந்தது. கைக்காசு சிறிதாகவும் தடித்தும், வட்டம் சற்றுக் கோணியும் இருக்கும். 1807 முதல் சென்னையில் பொறிகளால் அச்சிடும் முறை வந்தது. பொறிக்காசு அகன்றும் மெலிந்தும் சீரான வட்டமாகவும், வாசகம் முழுமையாகவும், விளிம்பில் வரிகளோடும் அமைந்தது. அதே காலத்தில் ஸ்பானிய வெள்ளிக்காசுகளின் மேலேயே இரட்டை ரூபாய்களும் அரை வராகன்களும் அச்சிடப்பட்டன. அந்த வெள்ளி அரை வராகனில் ஒருபுறம் கோபுரமும் மறுபுறம் திருமால் உருவமும், தமிழ், தெலுங்கு எழுத்துகளும் உண்டு.

பாரசீகம் அறியாதவரும் ஆண்டைக் கண்டுகொள்ள ஓர் எளிய வழி உண்டு. 1 என்னும் இலக்கம் நேர்கோடாகவும், 7 என்னும் இலக்கம் ஆங்கில 'வி' எழுத்தைப் போன்றும் இருக்கும். இரு நேர்கோடுகளை அடுத்து அவ்வடிவம் தெரிந்தால் அது 1172ஆம் ஆண்டின் பகுதியாக இருக்கக்கூடும். தேய்ந்த காசை நேர் வெளிச்சத்தில் பார்ப்பதினும், ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழுமாறு வைத்து மெல்லத் திருப்பிப் பார்த்தால் மங்கிய கோடுகளின் நிழல் தெளிவாகத் தோன்றும். உருப்பெருக்கியும் ஒரு விளக்கும் இருந்தால் இதற்குப் போதும்.

எடை சொல்வதும் சொல்லாததும்

மூன்றாவது அடையாளம் எடை. இங்கே மிகுந்த கவனம் தேவை. அக்காலச் சோதனைக் கணக்குகளின்படி பழைய ஆர்க்காட்டு ரூபாயின் எடை 176.4 கிரெயின்; அதாவது ஏறக்குறைய 11.43 கிராம். அதில் தூய வெள்ளி 166 கிரெயினுக்குச் சற்று மேல். 1818இல் சென்னை மாகாணத்தில் வராகன் கணக்கு நீங்கி ரூபாயே அடிப்படை நாணயமாயிற்று. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று மாற்று விகிதம் வைக்கப்பட்டது. அப்போதைய ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம். பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளியாதலால் தூய வெள்ளி 165 கிரெயின். 1835இல் கம்பெனி ஆட்சிப் பகுதி முழுவதற்கும் வந்த பொது ரூபாய்க்கும் இதே அளவு. ஒரு தோலா என்பதும் இந்த ரூபாயின் எடையே. நாட்டு மருந்துக் கடைகளில் ரூபாய் எடை என்னும் வழக்கு பிறந்ததும் இதனால்தான்.

இக்கணக்கில் கவனிக்கத் தக்கவை இரண்டு. பழைய காசு எடையில் குறைவு. ஆயினும் அதிலுள்ள வெள்ளி சற்றுக் கூடுதல். எடை குறைந்ததால் மதிப்புக் குறைந்தது என்று முடிவு செய்தால் பிழையாகும். அடுத்து, 180 கிரெயின் ரூபாய் நூற்றுக்கு 2 பங்கு தேய்ந்தால் 176.4 கிரெயின் ஆகிவிடும். தேயாத பழைய ரூபாயும் தேய்ந்த புதிய ரூபாயும் தராசில் ஒன்றுபோல நிற்கும். எனவே எடையை மட்டும் கொண்டு காசை இனங்காண முயல்வது தகாது. குறியையும் விளிம்பையும் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நூற்றுக்கு 2 என்னும் அதே அளவைத்தான் 1906ஆம் ஆண்டின் நாணயச் சட்டம் வெள்ளிக்காசின் தேய்மான எல்லையாக வைத்தது. அதற்கு மேல் தேய்ந்த ரூபாய் சட்டப்படி செல்லும் நாணயமாகக் கருதப்படவில்லை.

வெள்ளியின் தரத்தை உரைகல்லில் உராயாமலும் அறியலாம். காசை முதலில் சாதாரணமாக நிறுத்து, பின் மெல்லிய நூலில் கட்டி நீரில் முழுகுமாறு தொங்கவிட்டு நிறுக்க வேண்டும். காற்றில் 11.4 கிராம் உள்ள காசு நீரில் ஏறக்குறைய 10.3 கிராம் காட்டினால் குறைவு 1.1 கிராம். முதல் எடையைக் குறைவால் வகுத்தால் 10.3 அல்லது 10.4 வரும், அது நல்ல ரூபாய் வெள்ளியின் அடர்த்தி. செம்பு மிகுந்த போலிக்கு இந்த எண் 9ஐ நெருங்கும். காந்தத்தில் ஒட்டும் காசு வெள்ளிக்காசு ஆகாது.

மூவகை மதிப்பு

தேய்ந்த வெள்ளிக்காசுக்கு மூவகை மதிப்பு உண்டு. முதலாவது உலோக மதிப்பு. 180 கிரெயின் ரூபாயில் 10.69 கிராம் தூய வெள்ளி உண்டு. தேய்மானத்தைக் கழித்து அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் இம்மதிப்பு கிடைக்கும். இதற்குக் கீழ் எவரும் விற்க வேண்டுவதில்லை. 1940 முதல் ரூபாயில் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது என்பதையும் 1947இல் நிக்கல் ரூபாய் வந்தது என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இரண்டாவது சேகரிப்பாளர் தரும் மதிப்பு. இதனை உறுதி செய்வன காசின் அருமை, நிலை, வேண்டுவோர் தொகை ஆகிய மூன்று. பழைமை மட்டும் விலையை உயர்த்தாது. தாமரைக் குறியுள்ள ஆர்க்காட்டு ரூபாய் பெருந்தொகையாக அச்சிடப்பட்டதால் மிகத் தேய்ந்தது பெரும்பாலும் வெள்ளி விலையை ஒட்டியே போகும். எழுத்தும் குறியும் தெளிவாக உள்ளது அதனினும் மேம்பட்டது. விக்டோரியா அரசியின் 1862ஆம் ஆண்டு ரூபாயும் அவ்வாறே. அந்த ஆண்டெண் மாறாமலே பல்லாண்டுகள் அச்சேறியதால் அது எங்கும் கிடைக்கும். மாறாக, 1939ஆம் ஆண்டு ரூபாய் காலத்தால் இளையதாயினும் மிக அரியது. 1911ஆம் ஆண்டின் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் அரசரின் ஆடைமேல் இருந்த யானை உருவம் பன்றி போலத் தோன்றியதாக எதிர்ப்பு எழுந்து அது திரும்பப் பெறப்பட்டதால், அக்காசுக்கும் தனி மதிப்பு உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈஸ்ட் இந்தியா கம்பெனியின் பெயரும் 1818 போன்ற ஆண்டும் இராமர் பட்டாபிஷேகம் முதலிய தெய்வ உருவங்களும் பொறித்த வில்லைகள் பெருவிலைக்கு விற்கப்படுகின்றன. கம்பெனி அத்தகைய காசுகளை வெளியிட்டதில்லை. அவை பிற்காலத்தில் வழிபாட்டுக்காகவோ ஏமாற்றுக்காகவோ செய்தவை.

மூன்றாவது மதிப்பு வரலாற்று மதிப்பு. இக்காசு எந்த ஊரில், எந்தக் குடும்பத்தில், எவ்வாறு இருந்தது என்னும் செய்தியோடு சேர்ந்தே அது நிற்கும். தாமரைக்குறி ரூபாய் ஒன்று கடைவீதியில் தனியே கிடந்தால் அது பல்லாயிரத்துள் ஒன்று. அதே ரூபாய் காது பற்றவைத்துக் காசுமாலையில் கோத்த நிலையில், எந்தத் தலைமுறையின் திருமணத்தில் வந்தது என்னும் குறிப்போடு இருந்தால், வரியாகச் சென்ற வெள்ளி எவ்வாறு வீட்டின் சேமிப்பாக மாறியது என்பதற்கு அது சான்றாகும். பற்றவைத்த காது சேகரிப்பாளரின் விலையைக் குறைக்கும். வரலாற்றின் விலையை அது உயர்த்தும்.

காத்தலும் விற்றலும்

பழைய வெள்ளியின் மேல் படியும் கருமை, காற்றிலுள்ள கந்தகத்தோடு வெள்ளி கூடுவதால் உண்டாவது. அது மெல்லிய படலமாக உள்ளவரை காசுக்குத் தீங்கில்லை. சாம்பல், புளி, பற்பசை ஆகியவற்றால் தேய்க்கும்போது கருமையோடு வெள்ளியும் எழுத்தும் சேர்ந்து போகும். எண்பது ஆண்டுப் புழக்கத்தில் தப்பிய தாமரைக்குறி ஒரு நாள் துலக்கலில் அழிந்துவிடலாம். தூசி இருப்பின் தூய நீரில் அலசி, மென்துணியால் ஒற்றி உலர்த்துவதே போதும். காசை விளிம்பிலே பிடித்தெடுத்தல் வேண்டும். மென்மையான பி.வி.சி. உறைகள் நாளடைவில் கசிந்து வெள்ளியை அரிப்பதால் அவற்றைத் தவிர்த்து, அமிலமற்ற தாளில் மடித்து ஈரமற்ற இடத்தில் வைத்தல் நலம்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசு தொல்பொருள் எனப்படும். உரிய இசைவின்றி அதனை வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது. மண்ணிலிருந்து வெளிப்படும் புதையல் காசுகளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். குடும்ப வழியாக வந்த காசும் நிலத்தில் கிடைத்த காசும் சட்டத்தின் கண்ணில் வேறானவை.

விற்க நேர்ந்தால், காசு இன்னதென்று அறிந்தபின் விற்பதே முறை. அறிந்ததை மறையாமல் சொல்லி விற்பது அதனினும் மேலான முறை. இல்லறத்தாருக்குரிய கள்ளாமை அணுவிரதத்தின் ஐந்து அதிசாரங்களுள், அளவையும் நிறையையும் கூட்டிக் குறைத்தலும், போலியை மெய்ப்பொருளாகக் காட்டி வணிகம் செய்தலும் இடம்பெறுகின்றன. வண்ணக்கனின் தராசுக்கும் சராப்பின் உரைகல்லுக்கும் இந்த நெறியே அடித்தளம். பிற்காலத்து வில்லையைப் பழங்காசு என்று விற்பவரும், அருமையான காசை அறியாதவரிடமிருந்து எடைக்கு வாங்குபவரும் இந்த நெறியை மீறியவராவர்.

ஒவ்வொரு குடும்பமும் தன்னிடமுள்ள பழங்காசுகளுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைப்பது நற்பணியாகும். காசின் எடை, குறுக்களவு, தெரியும் குறி, விளிம்பின் தன்மை, இரு பக்கப் புகைப்படம், வந்த வழி ஆகிய ஆறும் அதில் இருந்தால் போதும். எழுத்து விளங்காத இடத்தில், பெரும் நாணயத் தொகுப்பை உடைய எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் காட்சிகளோடும் வெளியீடுகளோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முதியோர் நினைவிலுள்ள செய்தி எழுத்தில் ஏறாவிட்டால் அது ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும்; காசு எஞ்சினாலும் அதன் வரலாறு எஞ்சாது. ஆர்க்காட்டு ரூபாய் தன்னைப் பற்றி எழுதிய செய்திகள் பெரும்பாலும் பொய். அதன் மெய்யான செய்தியை, அதனைப் போற்றி வைத்திருக்கும் வீட்டார்தாம் எழுதிவைத்தல் வேண்டும்.